தினம் அறுபது கட்டு: அயர்லாந்தின் கன்னியர் மடப் பள்ளிகளில் வளர்ந்தவர்களின் நினைவுகள்

நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் அந்தி வேளையில் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்வார்கள். பத்துப் பத்து மணிகளாக ஐந்து கட்டு, அதற்கு முன்னால் மூன்று மணி. அப்படி ஒரு பத்து மணிக் கட்டைச் செய்ய, மெல்லிய கம்பியில் மணியைக் கோத்து, குறட்டால் கம்பியை நறுக்கி, முனையை வளைத்து அடுத்த மணியோடு கொக்கி போட வேண்டும். டப்ளின் நகரத்தின் இஞ்சிகோர் பகுதியில் இருந்த கோல்டன்பிரிட்ஜ் பள்ளியில் 1950களில் வளர்ந்த பெண்களுக்கு அந்த வேலை விரல்களிலேயே பதிந்துபோனது. வகுப்பு முடிந்ததும் சற்று வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கு 60 கட்டு முடிக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் 90. அறுபது கட்டு என்றால் 600 மணிகள், பன்னிரண்டு ஜெபமாலைகளுக்கான கட்டுகள். கணக்கு குறைந்தால் அடி விழும். செய்த மாலைகள் வெளியே விற்பனைக்குப் போயின.

அறுபது, தொண்ணூறு என்று அவர்கள் சொன்ன அந்த எண்கள் முக்கியமானவை. வாழ்க்கையே பாழாய்ப் போனது என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் இரக்கப்படுவார், அப்புறம் மறந்துவிடுவார். தினம் 60 கட்டு என்று, ஒருவரை ஒருவர் அறியாத பலர், வெவ்வேறு ஆண்டுகளில் அங்கே இருந்தவர்கள், தனித்தனியாக வந்து சொல்லும்போது அதைத் தள்ளிவிட முடியாது. அயர்லாந்தில் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைகளின் நினைவுகள் பல பத்தாண்டுகளாக யாராலும் நம்பப்படாமல் இருந்து, பிறகு அரசே அமைத்த ஆணையத்தின் அறிக்கையாக மாறியது இப்படிப்பட்ட சின்னச் சின்ன விவரங்களின் பலத்தில்தான்.

கான்வென்ட் என்ற சொல் நமக்கு வேறு பொருள் தரும். நல்ல ஆங்கிலம், கஞ்சி போட்ட சீருடை, இடம் கிடைக்காமல் பெற்றோர் அலைவது. அந்த மரபில் அயர்லாந்துக்கு நேரடிப் பங்கு உண்டு. 1842இல் அங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர்தான் இங்கே பெண்கள் கல்விக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர்கள். அயர்லாந்திலும் அந்த மாதிரிக் கட்டணப் பள்ளிகள் இருந்தன. கப்பலில் வந்த மரபு அதுதான். நான் சொல்ல வந்தது அதே காலத்தில், பல ஊர்களில் அதே சபைகளின் பொறுப்பிலேயே இயங்கிய இன்னொரு வகைப் பள்ளியைப் பற்றி. அதற்குச் சட்டத்தில் தொழிற்பள்ளி என்று பெயர். தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நீதிமன்ற உத்தரவோடு ஏழைப் பிள்ளைகளை 16 வயது வரை அடைத்து வளர்க்கும் இடம்.

1868இல், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், இதற்கான சட்டம் அயர்லாந்துக்கு வந்தது. 1908இல் வந்த குழந்தைகள் சட்டம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தச் சட்டமே தொடர்ந்தது. பிச்சை எடுத்தது, சரியான பாதுகாவலர் இல்லாதது, பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதது என்று ஏதோ ஒரு காரணம் போதும், மாவட்ட நீதிமன்றம் பிள்ளையை அனுப்பிவைக்கும். குற்றம் செய்து போனவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலோர் வறுமையால் போனவர்கள். குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தின் ஆய்வாளர் தெருவில் வந்தாலே தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். அவரை ஊர் மக்கள் 'கொடுமைக்காரன்' என்ற பொருள்படும் பெயரால்தான் அழைத்தார்கள். கொடுமையைத் தடுக்க வந்த ஆளுக்கு ஏழைத் தெருக்கள் வைத்த பெயர் அது.

இதற்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருந்தது. பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அரசும் உள்ளாட்சியும் பணம் கொடுத்தன. பிள்ளைகள் கூடினால் வருமானம் கூடும், குறைந்தால் பள்ளியை நடத்த முடியாது. அதே பிள்ளையைத் தாயே வீட்டில் வைத்து வளர்க்க நினைத்தால் அவளுக்கு அந்தப் பணம் கிடையாது. திருமணமாகாத தாய்க்கு மாதப் பணம் என்ற ஏற்பாடு அயர்லாந்தில் 1973இல்தான் வந்தது. சட்டப்படி தத்தெடுப்பதற்கான வழியே 1952இல்தான் பிறந்தது. தாயிடம் கொடுத்திருக்கக்கூடிய பணத்தை மடத்திடம் கொடுத்து, பிள்ளையையும் மடத்திடம் கொடுத்த ஏற்பாடு இது. இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அடித்த கையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளிகளில் பெரும்பகுதியை நடத்தியது மெர்சி சபை. கேதரின் மெக்காலே என்ற பெண்மணி 1831இல் டப்ளினில், ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவுவதற்காகவே தொடங்கிய சபை அது. கோல்டன்பிரிட்ஜ் பள்ளி அவர்களுடையது. 1880இல் தொழிற்பள்ளியாகச் சான்று பெற்று, 1983 வரை இயங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரவு பகலாகக் கவனிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய கன்னியர்களே இருந்தார்கள். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. 16 வயது முடிந்தும் போக இடமில்லாத பழைய பிள்ளைகளையே உதவியாளர்களாக வைத்துக்கொண்டார்கள். அடிபட்டு வளர்ந்தவர்கள் அடுத்த வரிசைப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

சரி, அவர்கள் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

முதலில் எண்ணை. பல பள்ளிகளில் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். துணியிலும் அதே எண். வயதான பிறகும் அந்த எண்ணைத் தயக்கமில்லாமல் சொல்பவர்கள், தங்கள் பிறந்த நாளை இளமையில் அறிந்திருக்கவில்லை. பிறகு பசி. ரொட்டித் துண்டுக்கு அடித்துக்கொண்டது, குப்பைத் தொட்டியில் தேடியது, பன்றிக்கு வைத்ததை எடுத்துத் தின்றது. பிறகு படுக்கை. இரவில் படுக்கையை நனைத்த பிள்ளை காலையில் ஈரத் துணியோடு எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். பயத்தால் நனைக்கிற பிள்ளையை மேலும் பயமுறுத்தினால் மறுநாளும் நனைக்கும், மறுநாளும் அடி.

கோல்டன்பிரிட்ஜ் பெண்கள் எல்லோரும் சொல்லும் ஓர் இடம் உண்டு. மாடிப்படியின் மேல்தளம். பகலில் செய்த தவறுக்கு உடனே தண்டனை கிடைக்காது. இரவு மற்றவர்கள் படுத்த பிறகு அந்தத் தளத்தில் போய் நிற்க வேண்டும். பொறுப்பான கன்னியர் தன் வேலைகளை முடித்துவிட்டு எப்போது வருவார் என்று தெரியாது. குளிரில் வரிசையாக நின்றுகொண்டு படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் காத்திருப்பது. அடியைவிட அந்தக் காத்திருப்பே கொடுமையாக இருந்தது என்று சொன்னார்கள். பின்னாளில் விசாரணை ஆணையம் அந்த மேல்தளத்தைத் தன் அறிக்கையில் எழுதியது.

ஆழமான காயம் இன்னொன்று. நீ அனாதை என்று சொல்லப்பட்டு வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வந்த கடிதங்கள் கைக்குத் தரப்படவில்லை. உடன்பிறந்தவர்களை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சிறுவர்களைப் பத்து வயது வாக்கில் கன்னியர் பள்ளியிலிருந்து ஆண்கள் பள்ளிக்கு மாற்றும்போது, கூட இருந்த அக்கா தங்கைகளுக்கு முன்கூட்டிச் சொல்வதுகூட இல்லை. உன் அம்மா கெட்டவள், அதனால்தான் நீ இங்கே இருக்கிறாய் என்ற பேச்சு எல்லாப் பள்ளிகளின் நினைவிலும் திரும்பத் திரும்ப வருகிறது. தழும்பு ஆறிய பிறகும் அந்த வாக்கியம் ஆறவில்லை.

நல்ல நினைவுகளும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். ரத்ட்ரம் என்ற ஊரில் கோல்டன்பிரிட்ஜ் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. கோடையில் அங்கே போன நாட்களைப் பலர் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். ஒரு சமையற்காரம்மா ரகசியமாகக் கொடுத்த ரொட்டி, ஒரு இளம் சிஸ்டர் தலையைத் தடவிச் சொன்ன ஒரு வார்த்தை. வேறு எதுவுமே இல்லாத இடத்தில் இப்படி ஒரு அன்பான சொல் கிடைத்ததை அவர்கள் வாழ்நாள் முழுக்க வைத்துக் காத்ததையும் ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அதைப் படிக்கும்போது ஆறுதலும் வருகிறது, வயிறும் எரிகிறது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு பஞ்சம் இருந்திருக்கிறது.

எல்லாக் கன்னியர் மடங்களும் ஒன்று போல இல்லை. தலைமை மாறியதும் ஒரே பள்ளி இருவேறு பள்ளிகளாக மாறியதும் உண்டு. பத்து ஆண்டு இடைவெளியில் படித்த இருவர் அதே கட்டடத்தைப் பற்றி முரணாகப் பேசினால் இருவருமே உண்மையைச் சொல்லக்கூடும். ஆண்கள் பள்ளிகளுக்கும் பெண்கள் பள்ளிகளுக்கும் வேறுபாடு இருந்தது. ஆண்கள் பள்ளிகளில் பாலியல் கொடுமை வேரோடிப் போயிருந்தது. கன்னியர் நடத்திய பள்ளிகளில் அடியும் அவமானமும் புறக்கணிப்பும் மேலோங்கியிருந்தன. பாலியல் கொடுமை அங்கே பெரும்பாலும் ஆண் வேலையாட்கள், வந்துபோகிறவர்கள், விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன வீடுகள் வழியாக நடந்தது.

இவர்கள் சொன்னதை ஏன் யாரும் நம்பவில்லை என்ற கேள்விக்கு முதல் பதில், காகிதம் வேறு கதை சொன்னது. ஆய்வாளர் வருகிறார் என்றால் முன்னமே தெரிந்துவிடும். அன்று புதுப் போர்வை வரும், நல்ல கவுன் வரும், அலமாரியிலிருந்து பொம்மைகள் இறங்கும். ஆய்வாளரின் வண்டி போனதும் எல்லாம் திரும்ப அலமாரிக்குள். அரசுக் கோப்பில் ஏறியது அந்த ஒரு நாள்தான். தண்டனைகளை எழுதிவைக்க ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஏடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆணையம் தேடியபோது பெரும்பாலான பள்ளிகளிலிருந்து அப்படி ஓர் ஏடு கிடைக்கவில்லை.

அதற்காக அரசுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1939 முதல் மருத்துவ ஆய்வாளராக இருந்த அன்னா மெக்கேப் 1940களில் பல பள்ளிகளில் பிள்ளைகள் அரைப் பட்டினி கிடப்பதைக் கல்வித் துறைக்கு எழுதினார். 1946இல், அமெரிக்காவில் சிறுவர்களுக்கான பாய்ஸ் டவுன் இல்லத்தை நிறுவிய அருட்தந்தை ஃபிளனகன் தன் பிறந்த நாடான அயர்லாந்துக்கு வந்து, இங்கே பிள்ளைகளை நடத்தும் முறை தேசத்துக்கே அவமானம் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். நாடாளுமன்றத்தில் அமைச்சரே அவரைக் கண்டித்துப் பதில் சொன்னார். உலகம் மதித்த ஒரு பாதிரியாரின் சொல்லுக்கே அந்த மரியாதை என்றால், எண்ணால் அழைக்கப்பட்ட பிள்ளையின் சொல்லை யார் கேட்பார்கள்?

அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்னால் ஒரு பெரும் துயரம் நடந்திருந்தது. கேவன் நகரத்தில் புனித யோசேப்பு அனாதை இல்லம். நடத்தியது ஏழை கிளாரா சபை, மடத்து மதிலைத் தாண்டி வராத அடைபட்ட கன்னியர். 1943 பிப்ரவரி 23 இரவில் சலவை அறையில் தீப்பிடித்தது. புகை படிக்கட்டை மூடியது. பிள்ளைகள் மேல்மாடிப் படுக்கைக் கூடத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஊர் மக்கள் ஓடிவந்தார்கள், ஆனால் அந்த மடத்தின் உட்புறத்தை அவர்களில் பலர் அதுவரை பார்த்ததே இல்லை. எந்தக் கதவு எங்கே போகும் என்று தெரியவில்லை. கொண்டுவந்த ஏணி எட்டவில்லை. 35 பிள்ளைகளும், சமையல் வேலை பார்த்த ஒரு முதியவளும் இறந்தார்கள். எஞ்சியதை எட்டுச் சவப்பெட்டிகளில் வைத்துப் புதைத்தார்கள். விசாரணை நடந்தது. தீயணைப்பு ஏற்பாட்டின் குறை பேசப்பட்டது. இவ்வளவு பிள்ளைகள் ஏன் அந்த மதிலுக்குள் இருந்தார்கள் என்ற கேள்வி அந்த விசாரணையின் கேள்வியாக இல்லை.

அந்தக் கேள்வி மெல்லத்தான் வந்தது. 1970இல், நீதிபதி ஐலீன் கென்னடி தலைமையிலான குழு, இந்த விடுதி முறையையே ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குள் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன. அங்கே வளர்ந்தவர்கள் 16 வயதில் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வெளியே வந்து, வீட்டு வேலைக்குப் போனார்கள். ஏராளமானோர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். பலருக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. கணவனிடமும் பிள்ளைகளிடமும்கூட எந்தப் பள்ளி என்று சொல்லாமலே வாழ்ந்தார்கள்.

மூடி வைத்தது 1996இல் உடைந்தது. கிறிஸ்டின் பக்லி என்ற செவிலியர், நைஜீரிய மாணவருக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்து கோல்டன்பிரிட்ஜில் வளர்ந்தவர், அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் தன் கதையைச் சொன்னார். மெர்சி சபை மன்னிப்புக் கேட்டது. 1999இல் பத்திரிகையாளர் மேரி ராஃப்டரி எடுத்த மூன்று பகுதித் தொடர், இது ஒரு பள்ளியின் கதை அல்ல, ஒரு முழு ஏற்பாட்டின் கதை என்று அரசுக் கோப்புகளோடு காட்டியது. அந்த ஆண்டு மே 11 அன்று பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஒரு விசாரணை ஆணையமும் அமைந்தது. முதலில் தலைமை வகித்த நீதிபதி மேரி லஃபாய், அரசின் ஒத்துழைப்பு போதவில்லை என்று 2003இல் விலகினார். பிறகு நீதிபதி ஷான் ரயன் பொறுப்பேற்றார். 2009 மே 20 அன்று ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது.

ஆணையத்தின் ஒரு பிரிவு ரகசியமாக மட்டுமே கேட்டது. குறுக்கு விசாரணை கிடையாது. அந்தப் பிரிவிடம் 1,090 பேர் பேசினார்கள், 200க்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பற்றி. இன்னொரு பிரிவில் சபைகளின் வழக்கறிஞர்கள் எதிரே அமர்ந்து கேள்வி கேட்டார்கள். தொலைக்காட்சி பார்த்து நினைவு மாறிவிட்டது, இழப்பீட்டுக்காகச் சொல்கிறார்கள், நாற்பது ஆண்டுக்கு முந்தையது எப்படித் துல்லியமாக இருக்கும் என்றெல்லாம் வாதம் வந்தது. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. நினைவு பிசகும், ஆண்டு மாறும், ஒருவர் சொன்னது இன்னொருவர் கதையில் கலக்கும். சில குற்றச்சாட்டுகள் நிற்கவும் இல்லை. ஆனால் ஆணையம் ஒவ்வொரு பள்ளியையும் தனியாக எடுத்து, சாட்சிகளின் சொல்லையும், சபையின் பதிலையும், துறைக் கோப்பில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மணி கோத்த கணக்கும், மேல்தளக் காத்திருப்பும், ஈரத் துணியும் அந்தச் சோதனையைத் தாண்டி நின்றன. கல்வித் துறை சபைகளுக்கு முன்னால் பணிந்து கிடந்ததையும் அறிக்கை ஒளிக்காமல் சொன்னது.

ஒரு பெரிய குறை மட்டும் உண்டு. ஆண்கள் சபை ஒன்று தொடுத்த வழக்குக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் யாருடைய உண்மைப் பெயரும் அறிக்கையில் வராது என்று முடிவானது. எல்லோருக்கும் புனைபெயர். அதை அறிந்தபோது, பெயரை இழந்து எண்ணோடு வளர்ந்தவர்கள் பட்ட வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

இழப்பீட்டுக்கு 2002இல் தனிச் சட்டம் வந்தது. 15,000க்கும் மேற்பட்டோருக்குப் பணம் கிடைத்தது, சராசரியாக 62,000 யூரோ அளவில். அதே ஆண்டு அரசு 18 துறவறச் சபைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சபைகள் 12.8 கோடி யூரோ தரும், அதற்கு மேல் வரும் வழக்குச் செலவை அரசே ஏற்கும். மொத்தச் செலவோ 150 கோடி யூரோ அளவுக்குப் போனது. மிச்சத்தைக் கட்டியது வரி செலுத்தும் மக்கள்.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. இழப்பீட்டு வாரியத்தில் சொன்னதையும் பெற்ற தொகையையும் அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் அபராதமும் சிறையும் வரலாம். பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்களைப் பேசச் சொல்லி அழைத்து, பேசியதும் வெளியே சொல்லாதே என்ற இந்த விதியைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் சொன்னாலே போலீஸ் வரும் என்று பயந்து வாழ்ந்தவர்கள் உண்டு.

2019இல் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. ஆணையத்திலும் வாரியத்திலும் திரண்ட ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்து 75 ஆண்டுகளுக்கு முத்திரையிடுவது என்று. வரலாற்று ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடையே ஒரே கருத்து இல்லை. ரகசியம் என்று வாக்குக் கொடுத்ததால்தான் வாயைத் திறந்தேன், என் பேரப்பிள்ளைகள் அதைப் படிக்கக் கூடாது என்றார்கள் சிலர். எழுபத்தைந்து ஆண்டு கழித்து யார் இருப்பார்கள், இப்போதே திறங்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, எந்தப் பக்கம் நிற்பது என்று அந்தப் பள்ளிகளில் வளராத நான் சொல்வது சரியாகாது. 2020 ஜனவரியில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது மசோதாவும் காலாவதியானது. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் மூன்றாவதாகச் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பூட்டவும் சொல்லவில்லை, ஊருக்குத் திறக்கவும் சொல்லவில்லை. அன்று அந்த அறையில் உட்கார்ந்து தாங்களே சொன்னதன் ஒரு படி தங்கள் கைக்கு வேண்டும் என்கிறார்கள்.